பங்கு விலையும் பத்தால் வகுத்தலும்

மாணவிகளே, சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ஒரகடம் இருக்கிறது. அங்கே 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அது ஐஷர் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனத்தின் பங்கு விலையை வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம்.

2020 ஆகஸ்ட் மாத நாளிதழ்களைப் புரட்டுங்கள். மாத நடுவில் ஒரு பங்கின் விலை 20,000 ரூபாய்க்கு மேல். மாதக் கடைசியில் 2,000 ரூபாய் சொச்சம். போட்ட பணத்தில் பத்தில் ஒன்பது கரைந்துவிட்டதா? இல்லை. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒவ்வொரு பங்கையும் 1 ரூபாய் முகமதிப்புள்ள 10 பங்குகளாக நிறுவனம் பிரித்தது. நூறு ரூபாய்த் தாளைச் சில்லறை மாற்றினாற் போலத்தான்.

ஆகவே, முந்தைய விலையைப் பத்தால் வகுத்த பிறகே பிந்தைய விலையோடு ஒப்பிட வேண்டும். கணினியில் காணும் விலை வரைபடங்கள் பெரும்பாலும் வகுத்தே காட்டும். பழைய நாளிதழ் அப்படியல்ல. இரண்டையும் கலந்தால் வந்தது வினை!

வகுத்த பின்னும் சில சமயம் நட்டம் தெரியும். 2017-இல் இப்பங்கு 30,000 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் ஒன்று வாங்கியவரிடம் பிரிவினைக்குப் பின் 10 பங்குகள் இருக்கும். 2,100 ரூபாய் வீதம் அவற்றின் மதிப்பு 21,000 ரூபாய். குறைந்த 9,000 ரூபாய் கண்மயக்கு அன்று. இடையில் பெற்ற ஈவுத்தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். விலைப் பட்டியலில் அது இராது.

பயிற்சிக்கு ஒன்று: பிரிவினைக்கு முன் 24,000 ரூபாய் வீதம் 3 பங்குகள் வாங்கிய ஒருவர், பின்னர் எல்லாவற்றையும் 2,600 ரூபாய் வீதம் விற்றார். இலாபமா, நட்டமா? எவ்வளவு?