சூட்டுக் களத்துத் தூசியும் தொய்வு நோயும்

கமக்காரர்களே!

சூடடிக்கும் நாட்களிலே தும்மலும், கண்ணரிப்பும், நெஞ்சிறுக்கமும் உண்டாதல் நாம் அறிந்ததே. "பொலித் தூசிதானே, இரண்டு நாளில் மாறிவிடும்" என்று அதனைப் பொருட்படுத்தாது விடுவோர் பலர். சிலருக்கு அது மாறிவிடும். வேறு சிலருக்கோ தொய்வு நோயாக முற்றி, உழைக்கும் வலுவையே குன்றச் செய்துவிடும். இஃது இன்று நேற்றுத் தோன்றிய துன்பமன்று. தானியம் புடைப்போரும் அளப்போரும் மூச்சு முட்டலால் வருந்துவதை, இத்தாலிய மருத்துவர் இராமசினி என்பார் 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எழுதி வைத்துள்ளார்.

தூசியில் உள்ளவை யாவை?

களத்துத் தூசி வெறும் மண்ணன்று. உமியின் நுண்ணிய சுணைகளும், வைக்கோற் பொடியும், பூஞ்சண வித்துகளும், சிற்றுண்ணிகளின் எச்சங்களும் அதில் கலந்துள்ளன. இவற்றைச் சிலருடைய உடல் பகையெனக் கருதி எதிர்க்கின்றது. இதுவே ஒவ்வாமை. அப்போது மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்குவதால் இழுப்பு உண்டாகின்றது. பெற்றோருக்குத் தொய்வு இருப்பின், பிள்ளைகள் மேலும் அவதானமாக இருத்தல் வேண்டும்.

இரு நோய்களை வேறுபிரித்தறிக

தொய்வு பெரும்பாலும் தூசி பட்ட சிறிது நேரத்திலேயே இழுப்புடன் தொடங்கும். மற்றொரு நோயும் உண்டு. ஈரத்தோடு அடுக்கிப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலையோ நெல்லையோ கிளறியவருக்கு, நான்கு முதல் எட்டு மணித்தியாலங்கள் கழித்துக் குளிர்காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் காணும். இதனைக் கமக்காரர் நுரையீரல் நோய் என்பர். பகலிற் கிளறிய வைக்கோலை மறந்து, இரவில் வந்த காய்ச்சலைத் தடிமற் காய்ச்சல் என்றே பலரும் எண்ணுவர். மீண்டும் மீண்டும் இது வருமாயின் நுரையீரலில் மாறாத தழும்பு உண்டாகும். ஆதலால் முன்னாள் செய்த வேலையையும் வைத்தியரிடம் தவறாது கூறுக.

களத்திற் கைக்கொள்ள வேண்டியவை

1. காற்று வரும் பக்கத்தில் நின்று வேலை செய்க. அறுவடை இயந்திரத்தில் மூடை பிடிப்போர் தூசி வீசும் பக்கத்தில் நிற்றலாகாது.

2. நெல்லைப் படங்கிற் பரப்பி நன்றாக உலர்த்துக. ஈரம் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. நன்கு காய்ந்த மணி பல்லிற் கடிக்க 'நறுக்'கென உடையும்.

3. நனைந்த வைக்கோலை அடைத்த கொட்டிலில் அடுக்காதீர். பூஞ்சணம் பிடித்ததை அகற்றுமுன் சிறிது நீர் தெளித்துக்கொள்க.

4. என்-95 முகமூடி அணிக. துவாய்த்துணி பருந்தூசியைத் தடுக்குமேயன்றி நுண்ணிய வித்துகளைத் தடுக்காது. தாடியுள்ளோர்க்கு முகமூடி இறுகப் பொருந்தாதாகையால், அவர்கள் தூசியினின்று விலகி நிற்பதே மேலான காப்பு.

5. வீட்டினுட் புகுமுன் உடை மாற்றிக் குளிக்க.

6. வைக்கோலை எரிக்காதீர். நமக்கு மேற்கே வயல், கிழக்கே கடல். இடையில் நெருங்கிய குடியிருப்பு. சிறுபோக அறுவடைக் காலத்துக் கச்சான் காற்று அப்புகையை நேரே நம் வீடுகளுக்கே கொணரும். வைக்கோலை வயலிலேயே மக்கச் செய்தால், பயிர் எடுத்த பொட்டாசியச் சத்தின் பெரும்பகுதி மண்ணுக்குத் திரும்பும்.

மரக்கறி செய்வோர்க்கு

சாம்பல் தூவும்போதும் மருந்து தெளிக்கும்போதும் காற்றுக்கு எதிராக நடவாதீர். தொய்வுள்ளோர் இவ்வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தல் நன்று. கொசுவர்த்திப் புகை, புகையிலைப் புகை, மாரிகாலத்து ஈரச்சுவர்ப் பூஞ்சணம் ஆகியனவும் நோயைத் தூண்டும். எது எப்போது தூண்டுகின்றதென ஒரு கொப்பியிற் குறித்து வருக.

மருந்து பற்றி

பம்ப் மருந்து பழக்கமாகிவிடும் என்று அஞ்சற்க. உடன் ஆறுதல் தரும் பம்பை மட்டும் நம்பி, நோயை அடக்கி வைக்கும் பம்பை இடைநிறுத்துவதே ஆபத்து. நோன்பு காலத்தில் தாமாகவே மருந்தை விட்டுவிடாது, முன்னரே வைத்தியரிடமும் மௌலவியிடமும் ஆலோசித்து நேரத்தை ஒழுங்கு செய்துகொள்க. ஒரு வசனத்தை முழுதாகப் பேச இயலாது மூச்சு முட்டினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, பம்ப் பயனளிக்காவிட்டாலோ தாமதியாது 1990 அம்பியூலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்க.

விதைநெல்லைப் பேணுவது போல மூச்சையும் பேணுவோமாக. அடுத்த போகத்தில் வயலில் இறங்க இரண்டும் வேண்டும்.