வாக்கியமும் ஒரு ரயில் வண்டிதான்!

'நாய் பூனையைத் துரத்தியது.' 'நாயைப் பூனை துரத்தியது.' இரண்டிலும் அதே மூன்று சொற்கள்தான். 'ஐ' என்னும் வேற்றுமை உருபு இடம் மாறியதும் துரத்தியதும் ஓடியதும் மாறிவிட்டன. சொற்களை மட்டும் எண்ணும் கணினிக்கு இது பிடிபடாது. இலக்கணமும் தெரிய வேண்டும்.

ரயில்வேக்காரனான எனக்கு இதைக் கப்ளிங் வைத்துச் சொல்வதே எளிது. பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் வண்டி ஆகிவிடாது, மாட்ட வேண்டும். 'துரத்தியது' என்ற வினைக்கு இரண்டு கப்ளிங்: எது, எதை. ஆங்கிலத்தில் வினை நடுவில் நிற்பதால் பக்கத்துக்கு ஒன்று. தமிழில் வினை கடைசியில் வருவதால் இரண்டும் முன்பக்கம். எது எதில் மாட்டும் என்பதை உருபு சொல்லும். இவ்வகைக் கணக்கை 1958-ல் தொடங்கி, 1999-ல் எளிய வடிவில் தந்தவர் கனடாவின் கணித அறிஞர் ஜோகிம் லாம்பெக்.

2010-ல் பாப் கோக், மெர்னூஷ் சத்ரசாதே, ஸ்டீபன் கிளார்க் மூவரும் இதில் பொருளையும் ஏற்றினர். பெயர்ச்சொல் என்பது ஓர் எண் பட்டியல். பெயருக்கு 100 எண்கள், வாக்கியத்துக்கு 100 எண்கள் என்று வைத்தால், இரு கப்ளிங் உள்ள வினைக்கு 100×100×100, அதாவது 10 லட்சம் எண்கள்!

இங்கேதான் குவாண்டம் கணினி வருகிறது. சாதாரணக் கணினியின் பிட், பழைய சிக்னல் கை போல: இந்த நிலை அல்லது அந்த நிலை. கியூபிட் இரண்டும் கலந்த நிலையில் இருக்கலாம். 20 கியூபிட்டுகளின் நிலையை எழுத 10,48,576 எண்கள் வேண்டும். நம் வினைச்சொல் அதற்குள் அடங்கிவிடும். கியூபிட்டுகள் ஒன்றோடொன்று பிணையும் கணக்கும், சொற்களின் கப்ளிங் கணக்கும் ஒரே வடிவம் என்பதுதான் வியப்பு. ஆனால் அளக்கும்போது 0 அல்லது 1 மட்டுமே கிடைக்கும். ஆகவே பலமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2021-ல் வெளியான ஆய்வொன்றில், உணவைப் பற்றியதா, கணினியைப் பற்றியதா என்று 130 சிறு ஆங்கில வாக்கியங்களை ஐ.பி.எம். குவாண்டம் கணினியில் பிரித்துப் பார்த்தனர். அவ்வளவுதான் அளவு. கியூபிட்டுகள் எளிதில் பிழை செய்பவை. நம் கைப்பேசியில் மொழிபெயர்ப்பு செய்து தருபவை சாதாரணக் கணினிகளே. இந்த வண்டி இன்னும் யார்டில்தான் நிற்கிறது. மெயின் லைனுக்கு வரவில்லை.

எந்த இயந்திரமானாலும் அதற்குத் தமிழ் சொல்லித்தர, உருபு அறிந்த மனிதர் வேண்டும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் சொற்களை அறிந்தும் உருபை விழுங்கிவிடுகிறார்கள். 'நாய் பூனை துரத்தியது' என்றால் ஓடியது எது? இன்று இரவு சாப்பாட்டு வேளையில் கேட்டுப் பாருங்கள்.