கம்பியை விட்டு இறங்கிய பஸ்

அன்புள்ள தமிழரசிக்கு,

பொன்னேரி வழியாகப் போகும் மின்சார ரயிலுக்கு மேலே கம்பி இருக்கிறது, வியாசர்பாடியில் பார்த்த மின்சார பஸ்ஸுக்கு ஏன் இல்லை, கம்பி போட்டுவிட்டால் அவ்வளவு பெரிய பேட்டரி எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தாய். கம்பி போட்டு பஸ் ஓட்டிய காலமும் இருந்தது. அதற்கு டிராலி பஸ் என்று பெயர். 1882இல் பெர்லின் அருகே வெர்னர் வான் சீமன்ஸ் முதன்முதலில் ஓட்டிக் காட்டினார்.

ரயிலுக்கு மேலே ஒரே கம்பி போதும். மின்சாரம் கம்பி வழியாக வந்து, சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடும். பஸ்ஸுக்கு ரப்பர் டயர், கீழே தார் ரோடு. திரும்பிப் போக வழி இல்லை. அதனால்தான் டிராலி பஸ்ஸுக்கு இரண்டு கம்பிகள், கூரையில் இரண்டு நீளக் கொம்புகள். வளைவில் கொம்பு கழன்றுவிட்டால் பஸ் நின்றுவிடும். யாராவது இறங்கி, கயிற்றைப் பிடித்து, கொம்பை மறுபடி கம்பியில் மாட்ட வேண்டும். முன்னால் ஒரு டிராலி பஸ் பழுதாகி நின்றால் பின்னால் வருவது அதைத் தாண்டிப் போகவும் முடியாது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். மதராஸில் 1895 மே 7ஆம் தேதி மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. முதலில் மின்சாரத்தை ரோட்டுக்கு அடியில் ஒரு வாய்க்கால் வெட்டி அதன் வழியாகக் கொடுத்தார்கள். மழைக்காலம் வந்ததும் வாய்க்காலில் தண்ணீர் நிரம்பிவிட்டது. சென்னையில் மழைநீர் எங்கே நிற்கும் என்பதை அன்றே டிராம் கம்பெனிக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். நமக்கு இன்னும் பாடம் முடியவில்லை. அப்புறம் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். 1953 ஏப்ரலில் டிராமே நின்றுபோனது.

அதே 1953இல் கொழும்பில் டிராலி பஸ் வந்தது, அதுவும் மாடி வைத்த பஸ். 1964 வரைதான் ஓடியது. பம்பாயில் 'பெஸ்ட்' நிறுவனம் 1962இல் கோவாலியா டாங்கிலிருந்து மஸ்கான் டாக் வரை டிராலி பஸ் விட்டது. 1971இல் அதுவும் முடிந்தது. இதையெல்லாம் வண்டியின் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, புகை இல்லை, மேட்டில் ஏறும் வேகத்தில் டீசல் வண்டி அதன் பக்கத்தில் வராது. ஆனால் கம்பிக்குத் தினமும் ஆள் வேண்டும். வழி நெடுகத் துணை மின்நிலையம் வேண்டும். ரோட்டை அகலப்படுத்தினாலும், ஒருவழிப் பாதையாக்கினாலும் கம்பியைக் கழற்றி வேறிடத்தில் கட்ட வேண்டும். ஒரே ஒரு தடத்துக்கு இவ்வளவு ஏற்பாட்டைத் தாங்க எந்த நகராட்சியால் முடியும்? டீசல் மலிவாகக் கிடைத்த காலம் வேறு.

பெரிய ஊர்களும் தப்பவில்லை. ஒருகாலத்தில் உலகிலேயே பெரிதாக இருந்த மாஸ்கோ டிராலி பஸ் சேவை 2020இல் நின்றது. அந்த இடத்துக்கு பேட்டரி பஸ் வந்தது. ஆனால் எல்லோரும் கைவிட்டுவிடவில்லை. உங்கள் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்டிரியா கோட்டைக்கு அவர்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த கெல்டர்லாந்தின் தலைநகரம் ஆர்னெம். நெதர்லாந்தில் டிராலி பஸ் இன்றும் ஓடும் ஒரே ஊர் அதுதான், 1949லிருந்து.

இனி பேட்டரிக்கு வருவோம். ஆழ்கடலுக்குப் போகும் படகு, போக வரத் தேவையான டீசலையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் போகிறது. பேட்டரி பஸ்ஸும் அப்படித்தான். 12 மீட்டர் பஸ் ஒன்று ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட் மின்சாரம் செலவாகும். 200 கிலோமீட்டர் ஓட 250 யூனிட். அவ்வளவையும் சேர்த்துவைக்கும் பேட்டரியின் எடை ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். டிராலி பஸ்ஸுக்கு இந்தச் சுமை இல்லை. அதனால்தான் பிராக் போன்ற ஊர்களில் இப்போது இரண்டையும் கலக்கிறார்கள்: கம்பி உள்ள இடத்தில் ஓடிக்கொண்டே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, கம்பி இல்லாத இடத்தில் சிறிய பேட்டரியில் ஓடும் பஸ். பஸ்கள் நெருக்கமாக ஓடும் பெரிய சாலைக்கு அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

பொன்னேரி-பழவேற்காடு சாலைக்கு அது சரிவராது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர், எப்போதாவது வரும் ஒரு பஸ். அதற்காக வழியெல்லாம் கம்பம் நட்டால் கட்டுப்படியாகாது. உப்புக்காற்றில் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்மேல் உப்புப் படிந்து மின்சாரம் கசியும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் எத்தனை கம்பங்கள் சாய்ந்தன என்று வீட்டில் பெரியவர்களைக் கேள். பேட்டரி பஸ் ஐந்து முறை போய் வந்தாலும் 200 கிலோமீட்டர்தான் ஆகும். இராத்திரி டெப்போவில் ஏற்றும் சார்ஜ், நடுவில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால், தாராளமாகப் போதும்.

2025 ஜூன் 30ஆம் தேதி வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. உலக வங்கி உதவியுடன் வந்த திட்டம். பஸ்ஸும் டிரைவரும் தனியார் கம்பெனியின் பொறுப்பு. கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தரும். பேட்டரி தேய்ந்தால் அது கம்பெனியின் தலைவலி.

புகை மட்டும் மாயமாகிவிடுவதில்லை. நம் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் பிறக்கிறது. அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் உங்கள் பழவேற்காடு ஏரிக்குத் தெற்கேதான் இருக்கின்றன. குழாய் உடைந்து சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் சேறோடு சேறாகப் படிந்ததும், கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் அதில் இறங்கி நின்றதும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணா சாலையில் பஸ் புகை விடவில்லை என்று மகிழ்கிறவர் இந்தப் பக்கமும் ஒருமுறை வந்து பார்க்கலாம். ஆனாலும் டீசலே மேல் என்று சொல்ல மாட்டேன். டீசல் பஸ் கடைசிவரை டீசலில்தான் ஓடும். மின்சார பஸ்ஸோ ஆடி மாதக் காற்றில் காற்றாலை சுழன்றால் அந்த மின்சாரத்தில் ஓடும். பகலில் சார்ஜ் ஏற்றினால் வெயிலிலும் ஓடும்.

எனக்கு ஒரு கவலை உண்டு, அது மின்சாரத்தைப் பற்றியது அல்ல. 2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றம் அடிக்கிறது என்று மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அது ஜன்னல் திறந்த பஸ். புது மின்சார பஸ்களில் ஏசி வைத்தவையும் வருகின்றன. ஜன்னலை மூடிய பஸ்ஸில் உன் அத்தையின் மீன்கூடை எங்கே போகும்? தாழ்தளம் என்பதால் கூடையைத் தூக்கி ஏற்றுவது சுலபம், அது நல்லதுதான். பின்வாசல் பக்கம் கழுவிவிடக்கூடிய ஒரு இடம் ஒதுக்கினால் தீர்ந்தது. உங்கள் ஊருக்கு பஸ் வந்தபிறகு கேட்டால் 'டிசைனில் இல்லை' என்பார்கள். காலையில் எத்தனை பெண்கள், எத்தனை கூடைகளோடு பஸ் ஏறுகிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி எழுதி அனுப்பு. மனுவை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து உங்கள் குப்பத்துப் பெண்களுடையதாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மாமா