திமிங்கிலமும் இலைக்கனும்

தம்பிலுவில் மணற்கரையில் நின்று கிழக்கே நோக்கின் வங்கக்கடல் விரிந்து கிடக்கின்றது. இலங்கையைச் சூழ்ந்த கடலில் உலாவும் நீலத் திமிங்கிலத்தையும், நம் நாட்டுக் கரையோர மரப்பட்டைகளிற் சாம்பல்நிற நாடாபோலத் தொங்கும் உறொசெல்லா என்னும் இலைக்கனையும் ஒப்புநோக்கப் புகுந்தால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சிடுகின்றோம் என அன்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் இரண்டும் வணிகர் கண்ணிற் பட்டவை.

நீலத் திமிங்கிலம் உலகில் வாழும் விலங்குகளுள் மிகப் பெரியது. பிறக்கும்போதே அதன் கன்று இரண்டு தொன்னுக்கு மேல் நிறையுடையது. பாலுண்ணும் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 கிலோ கூடும். இலைக்கன்களிற் பலவோ ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீற்றரே வளர்வன. எனினும் பேருடல் படைத்த திமிங்கிலம் உண்பது சிற்றுயிர்களையே. இலங்கைக் கடலில் அது பெரிதும் நாடுவது, நாம் சம்பலுக்கு இடிக்கும் கூனிக்கு உறவான சிற்றிறாலை என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இலைக்கன் எதனையும் வேட்டையாடுவதில்லை. அது தனியோர் உயிருமன்று. பங்கசும் அல்காவும் கூடி நடத்தும் இல்லறம். அல்கா சூரிய ஒளியில் உணவு சமைக்க, பங்கசு உறைவிடம் தருகின்றது. மரத்தை அது உறிஞ்சுவதில்லை. வெறும் பிடிமானமாகவே கொள்கின்றது.

ஆய்வுகூடத்தில் நம் மாணவர் அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியக் கையாளும் பாசிச்சாயம் இவ்வினத்திலிருந்து பெறப்பட்டதே. இதனை அமோனியாவிலே புளிக்கவைத்து ஊதாச் சாயமும் எடுத்தனர். அதன்பொருட்டு 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்தும் இது கப்பலேறியது. 1856இல் பதினெட்டு வயதினரான வில்லியம் பேர்க்கின் நிலக்கரித்தாரிலிருந்து செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டார். அவ்வழியே பிறந்த செயற்கைச் சாயங்கள் சந்தையை நிரப்பவே, இலைக்கனைச் சுரண்டும் கைகள் ஓய்ந்தன. இலைக்கனைக் காக்கவேண்டும் என்று எவரும் எண்ணியிருந்தாரல்லர் என்பது நோக்கத்தக்கது.

திமிங்கிலத்துக்கு அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. மண்ணெண்ணெய் வந்து விளக்கிலிருந்து திமிங்கில எண்ணெயை விலக்கிய பின்னரும், சவர்க்காரத்துக்கும் மாஜரீனுக்கும் அது வேண்டப்பட்டது. 1966இல் நீலத் திமிங்கில வேட்டையைச் சர்வதேச ஆணையம் தடுத்தது. அவ்வாண்டுகளிலேயே சோவியத்து வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கொன்று, கணக்கிற் காட்டாது மறைத்தன. சோவியத்து ஒன்றியம் குலைந்த பின்னரே உண்மை வெளிவந்தது.

இன்று ஈட்டி எறிவாரில்லை. ஆனால் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே செல்லும் பெருங்கப்பற்பாதை, திமிங்கிலங்கள் இரைதேடும் நீரை ஊடறுத்துச் செல்கின்றது. கப்பல் மோதி இறந்த உடல்கள் இடையிடையே கரையொதுங்குகின்றன. பாதையைச் சற்றே தெற்கே நகர்த்துமாறு ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர்.