வயிறு நிறைந்தும் மெலிகிற மீன்

அன்புள்ள தம்பி,

உழுத வயலில் கொக்கு கூடுவதுபோல, இழுவை மடி வலை கிளறிய கடலடியிலும் மீன் கூடி மேய்கிறதே, அப்புறம் மடியால் மீனுக்கு இரை குறைகிறது என்பது எப்படி என்று கேட்டிருந்தாய். டெல்டாவில் பிறந்தவனுக்கு வரவேண்டிய கேள்விதான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. என் கட்சி இதுதான்: மடி இழுப்பதால் அடிமீனின் வயிறு காலியாகிவிடுவதில்லை, அதற்குள் போகும் இரையின் தரம்தான் இறங்குகிறது. வயிற்றை மட்டும் பிளந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த நஷ்டம் தெரியாது.

அரசலாறும் மற்றக் காவிரிக் கிளைகளும் கொண்டுவந்து கொட்டிய சேறும் மணலும்தான் நம் காரைக்கால் கடலின் தரை. அதற்குள் புழு, மட்டி, சிப்பி, சிறு நண்டு, குட்டி இறால் என்று ஒரு பெருங்கூட்டம் வாழ்கிறது. நவரை தன் தாடைக்கடியில் உள்ள இரண்டு மீசைகளால் சேற்றைத் துழாவி இரை தேடும். காரல் வாயை முன்னுக்கு நீட்டி உறிஞ்சும். நாக்குமீன் தரையோடு தரையாகக் கிடந்து புழுவைப் பிடிக்கும். விசைப்படகின் மடி, வாயை விரித்துவைக்க இரண்டு பலகைகளோடும் தரையைத் தடவும் சங்கிலியோடும் இவற்றின்மேல்தான் போகிறது. 2017இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வின்படி, பலகை மடி ஒருமுறை போனால் சராசரியாக 2.4 சென்டிமீட்டர் ஆழம் கிளறப்படுகிறது. தரைவாழ் உயிர்களில் சுமார் 6 சதவீதம் அழிகிறது. ஆறுதானே என்று தோன்றும். இடையில் மீள அவகாசம் தராமல் அதே இடத்தில் பத்துமுறை இழுத்தால், மிஞ்சுவது பாதிக்குச் சற்றே மேல். எல்லாம் சமமாகக் குறைவதுமில்லை. பல ஆண்டு வாழும் பெரிய சிப்பியும் கடல் முள்ளெலியும் முதலில் போகும். வேகமாகப் பெருகும் சிறு புழு தாக்குப்பிடிக்கும்.

இனி வயிற்றுக்கு வருவோம். அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவேயுள்ள ஐரிஷ் கடலில், அதிகம் இழுக்கும் இடங்களிலும் குறைவாக இழுக்கும் இடங்களிலும் பிளேஸ், டாப் என்ற இரண்டு தட்டைமீன்களின் இரையை ஆராய்ந்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. நம் நாக்குமீனுக்கு இவை தூரத்து உறவு. மடி அதிகம் போன இடத்தில் இரை குறைந்திருந்தது, ஆனால் வயிறு குறையவில்லை. காரணம் எளிது: அங்கே மீனும் குறைந்துபோயிருந்தது, தலைக்கு விழும் பங்கு மாறவில்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால் உன் கொக்குக் கணக்குதான் ஜெயித்திருக்கும். இரையை இனம் இனமாகப் பிரித்தபோது, பிளேஸ் மீன் சத்துக் குறைந்த உயிர்களின் பக்கம் திரும்பியிருந்தது தெரிந்தது. அதே கடலில் இழுவை மிகுந்த இடத்துப் பிளேஸ் நீளத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்ததை முந்தைய ஆய்வு காட்டியிருந்தது. டாப் மீன் மெலியவில்லை. எல்லா மீனும் ஒரேபோல அடிவாங்குவதில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள். மடிக்கு எதிரான கூட்டங்களில் பேசும்போது இதை மறைத்துவிடுகிறவர்கள் உண்டு.

மடி போன தடத்தில் மீன் கூடுவது மெய்தான். நசுங்கிய நண்டும் உடைந்த சிப்பியும் சில நாள் விருந்து. ஆனால் அந்தச் சிப்பி பல ஆண்டு வளர்ந்தது. அதன் இடத்துக்கு இன்னொன்று உடனே வந்துவிடாது. வெள்ளமும் புயலும் கலக்கும் சேற்றுக் கடல் இது, இங்குள்ள உயிர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே என்று சொல்வார்கள். வலுவான வாதம். இயல்பாகவே கலங்கும் தரையில் மடியின் கூடுதல் சேதம் குறைவு என்பதை நானும் ஏற்கிறேன். வெதுவெதுப்பான கடலில் உயிர்கள் சீக்கிரம் வளரும் என்பதும் சரி. ஆனால் புயல் ஒரு பருவத்தில் வந்து போகும். மடிக்கு ஓய்வு, மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மட்டுமே. மேலே சொன்ன உலக ஆய்வு, தரைவாழ் உயிர்கள் பாதியிலிருந்து 95 சதவீதம்வரை மீள 1.9 முதல் 6.4 ஆண்டு ஆகும் என்கிறது. நம் கடல் அதைவிடப் பலமடங்கு வேகமாக மீண்டாலும் 61 நாளில் சிறு புழு பெருகும், பெரிய சிப்பி பெருகாது. நவரைக்கு எது கிடைக்கும் என்று நீயே சொல்.

இதற்காக விசைப்படகுக்காரர்மேல் பாயாதே. 1950களிலிருந்து மானியமும் பயிற்சியும் தந்து இழுவை மடியைப் பரப்பியதே அரசுதான். இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடுத்தது. இங்கே கடனோடு நிற்கும் படகுக்கு மாற்றுத் தொழில் காட்டாமல் தடை பேசுவது நியாயமாகாது. இரையைப் பற்றிய வாதம் தடை பற்றிய பேச்சுக்கு ஒரு சான்று, அவ்வளவே.

நம்பாவிட்டால் நீயே அளந்து பார். தடைக்காலம் முடிந்த முதல் வாரத்திலும் அடுத்த மார்ச்சிலும் துறைமுகத்தில் ஒரே நீளமுள்ள நவரைகளாகப் பொறுக்கு. குடலையும் முட்டையையும் நீக்கிவிட்டு எடை போடு. இல்லையென்றால் சினைப்பருவத்தின் எடை கணக்கைக் கெடுத்துவிடும். எடையை நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகு. நாலைந்து மீன் போதாது, ஐம்பது மீனாவது வேண்டும். கடலில் எந்த இடத்தில் பிடித்தது என்று படகுக்காரரிடம் கேட்டு, ஒவ்வொரு மீனுக்கும் நேரே எழுதிவை.

அன்புடன்,
அண்ணன்