தேனீ மாநாட்டுக்கு அடிமட்டத்தோடு போங்கள்

தேனீ மாநாட்டுக்குப் போய் வருகிறவர்கள் ஆசையோடு தூக்கி வரும் பொருள்களில் முதலிடம் மெழுகுத் தாளுக்குத்தான். பளபளப்பாக, அறுகோணம் அச்சிட்டு, பார்க்கவே அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்து, வதைக்கு அடித்தளமாகப் பெட்டிச் சட்டத்தில் பொருத்தினால் தேனீ அதைச் சீண்டாது. சீண்டினாலும் கோணல்மாணலாக வதை கட்டும். குறை தேனீயில் இல்லை. அந்தத் தாள் வேறொரு தேனீக்குச் செய்தது.

அம்பாறைக் கரையோரத்தில், பாலமுனையிலும் அட்டாளைச்சேனையிலும் தென்னை மரப் பொந்திலோ கைவிட்ட பானையிலோ கூடு கட்டுவது ஏபிஸ் செரானா என்ற நம் நாட்டுத் தேனீ. உலகச் சந்தையின் பெரும்பாலான கருவிகளும் நூல்களும் ஏபிஸ் மெல்லிபெரா என்ற ஐரோப்பியத் தேனீயை மனதில் வைத்தே உருவானவை. அதன் மெழுகுத் தாளில் ஓர் அறை சுமார் 5.4 மி.மீ. அகலம். நம் தேனீ கட்டும் அறை 5 மி.மீ.க்கும் குறைவு. ஆகவே பேச்சாளர் எவராயினும், கடை எதுவாயினும், முதற்கேள்வி ஒன்றுதான்: "இது எந்தத் தேனீக்கு?" இதைக் கேட்காமல் காசை வெளியே எடுக்கவே கூடாது.

போகுமுன் செய்ய வேண்டியது சொற்பம். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். பேச்சு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். உங்கள் பெட்டியிலிருந்து வெறுஞ்சட்டம் ஒன்றைக் கழற்றி அடிமட்டத்தோடு பையில் வையுங்கள்.

அந்தச் சட்டம்தான் நாள் முழுக்க உழைக்கும். பெட்டி விற்கும் கடையில் எல்லோரும் தடுக்கி விழுவது அளவில். 1851இல் அமெரிக்காவின் லாங்ஸ்ட்ரொத் கண்டது எளிய உண்மை: வதைக்கும் சுவருக்கும் நடுவே தேனீ நடமாட ஏற்ற இடைவெளி விட்டால் அதை அடைக்காமல் வழியாகவே வைத்துக்கொள்ளும். ஐரோப்பியத் தேனீக்கு அது சுமார் 9 மி.மீ.; நம் தேனீக்கு 7, 8 போதும். இடைவெளி கூடினால் நடுவே குறுக்கு வதை கட்டிவிடும். அப்புறம் சட்டத்தை உருவும்போது வதை கிழிந்து, தேன் ஒழுகி, எறும்பு வந்து, கடைசியில் கூட்டமே பெட்டியை விட்டுப் பறந்துவிடும். நம் தேனீ கோபித்துக்கொண்டு போவதில் வேகமானது.

எனவே கடையில் நின்றே அளந்து பாருங்கள். உங்கள் சட்டத்தை அவர்கள் பெட்டியில் தொங்கவிட்டு, இரு பக்கச் சுவரோடும் அடிப்பலகையோடும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 31, 32 மி.மீ. இருந்தால் சரி, 35 என்றால் அது மெல்லிபெராப் பெட்டி. 1910களில் தென்னிந்தியாவில் பாதிரியார் நியூட்டன் நாட்டுத் தேனீக்கென்றே வடிவமைத்த பெட்டியின் சட்டம் ஏறத்தாழ 20.5 செ.மீ. நீளம், 14.5 செ.மீ. உயரம். லாங்ஸ்ட்ரொத் சட்டம் 44.8 செ.மீ. நீளம். இரண்டையும் அருகருகே பார்த்தவர் மறக்கமாட்டார்.

அளவு சரியென்றாலும் ஐந்து பெட்டி வாங்காதீர்கள். ஒன்று போதும். அதை ஊர் ஓடாவியிடம் கொடுத்தால் மிச்சத்தை அவர் அச்சொட்டாக அறுத்துத் தருவார், லொறிக் கூலியும் மிச்சம். உள்பக்கம் பெயின்ட் பூசிய பெட்டியைத் தொடவே வேண்டாம்.

தேன் பிழியும் இயந்திரத்திலும் இதே கதை: கூடையில் உங்கள் சட்டம் நிற்கிறதா, நழுவி விழுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். தேனின் ஈரம் காட்டும் ஒளிமுறிவுமானி வாங்குவதென்றால் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். பழச்சாற்றுக்கானதைத் தேனுக்கென்று தந்துவிடுவார்கள், கவனம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் பொதுவாகத் தேனில் 20 வீதத்துக்கு மேல் ஈரத்தை ஏற்பதில்லை. நம் கடற்கரைக் காற்றில் மூடாத வதையைப் பிழிந்தால் தேன் போத்தலுக்குள்ளேயே புளிக்கும்.

தேன் கடையில் தண்ணீரில் ஊற்றியும் திரியில் தடவிக் கொளுத்தியும் காட்டுவார்கள். அவை தூய்மைக்கு அத்தாட்சி ஆகா. 2019இல் மொன்றியலில் நடந்த அப்பிமொண்டியா என்ற உலகத் தேனீ வளர்ப்பு மாநாட்டின் தேன் போட்டிக்கு வந்தவற்றில் கணிசமானவை ஆய்வுகூடப் பரிசோதனையில் தேறவில்லை. ஆய்வுகூட அறிக்கை கேளுங்கள், இல்லையென்றால் நகருங்கள்.

தேனீக் கூட்டத்தோடு பெட்டி விற்றால் ஆசைப்படாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைக்குடம்பி வைரஸ் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது. தூரத்துத் தேனீயோடு நோயும் வரும். பக்கத்து ஊரில் பிடித்த கூட்டமே நல்லது.

பேச்சுகளில் முன்வரிசையில் இருங்கள். பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருப்பதால் அறிவுரைகள் பல மலைநாட்டுப் பூக்காலத்தை ஒட்டியவை. அங்குள்ள அளவுக்கு யூக்கலிப்டஸ் நம் கரையில் இல்லை. இங்கே தென்னை, முருங்கை, வேம்பு, புளி, களப்போரக் கண்டல். "தாழ்நிலக் கரையோரத்தில் பூப் பஞ்ச காலம் எந்த மாதம்? அப்போது சீனிப்பாகு எவ்வளவு?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வயலுக்கு மருந்தடிக்கும் நாள்களில் பெட்டியை என்ன செய்வது என்றும் கேளுங்கள். நெல் விளையும் ஊருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. குறிப்பை ஊர் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, கரைக்குப் பொருந்துவதைப் பிரித்தெடுங்கள்.

மே 20 உலகத் தேனீ நாள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நாளில் கரையோரத் தேனீக்கென்று தமிழில் ஒரு மாநாடு நடத்தும்படி கமக்காரர் அமைப்புகள் இப்போதே கடிதம் எழுத வேண்டும்.