உறைந்த கருவும் உரிமைச் சட்டமும்

நம் பெங்களூரின் பெருந்தெருக்களில் கருத்தரிப்பு மையங்களின் பெயர்ப் பலகைகளைக் காணாதவர் இலர். அம்மையங்களில் பெண்ணின் சினைமுட்டையும் ஆணின் விந்தணுவும் உடலுக்கு வெளியே இணைக்கப்பட்டுக் கரு உருவாகிறது. ஒரே முறையில் பல கருக்கள் உண்டாவதுண்டு. ஒன்றிரண்டைக் கருப்பையில் வைத்தபின், எஞ்சியவற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துக் காக்கின்றனர். தம்பதியர்க்குக் குழந்தை பிறந்து, இனி வேண்டாம் என்று முடிவும் செய்துவிட்டால், எஞ்சிய கருவை என்ன செய்வது? பிள்ளைப் பேறற்ற வேறொரு தம்பதிக்கு அதைக் கொடையாக அளிக்கலாமா? இதுவே நாம் ஆராயப் புகும் வினா.

சட்டம் கூறுவது

2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இத்துறைக்கு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆயினும் அவற்றுக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. அக்குறையைப் போக்கவே இனப்பெருக்க உதவித் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, 2022 சனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்தது.

இதன் 31ஆம் பிரிவு பழைய ஐயம் ஒன்றைத் தீர்க்கிறது. இம்முறையில் பிறக்கும் குழந்தை, சிகிச்சை பெற்ற தம்பதியரின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். இயல்பாகப் பிறந்த பிள்ளைக்குரிய எல்லா உரிமைகளும் அதற்கு உண்டு. சினைமுட்டையோ விந்தணுவோ அளித்தவர்க்குப் பெற்றோர் உரிமை ஏதும் இல்லை.

கருவைப் பற்றிய விதிகளோ கடுமையானவை. 28ஆம் பிரிவின்படி, கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. அதன்பின் அழிய விட வேண்டும். அல்லது உரியவர் இசைவுடன், பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்கு அளிக்கலாம். 29ஆம் பிரிவு கருவின் விற்பனையையும் கைமாற்றத்தையும் பயன்பாட்டையும் ஒருசேரத் தடுக்கிறது. தேசிய வாரியத்தின் அனுமதியுடன் தம் கருவைத் தம் பயனுக்கே கொண்டு செல்வது மட்டும் விலக்கு. ஆகவே, ஆய்வுக் கூடத்துக்குக் கொடுக்கலாம். அயல் வீட்டாருக்குக் கொடுக்க வழியில்லை.

விற்பனையும் கொடையும்

இத்தடை ஏன்? கரு கடைச் சரக்காகிவிடும் என்ற அச்சமே காரணம் எனலாம். கருவை விற்பவர்க்கு முதன்முறை ஐந்து முதல் பத்து இலட்சம் ரூபாய் தண்டம். மீண்டும் செய்தால் மூன்று முதல் எட்டாண்டுச் சிறையும் உண்டு. அச்சம் நியாயமானதே. வறுமை மலிந்த நாட்டில் அதை அலட்சியம் செய்ய இயலாது.

ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். அங்கும் இதே அச்சம் இருந்தது. அதனால் அதன் 17ஆம் பிரிவு, தத்துக்குப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது, தத்தையே தடுத்துவிடவில்லை. விலையை விலக்கிக் கொடையை வாழவிட்டது. பிறந்த குழந்தைக்குச் செய்த இந்த வேறுபாட்டைக் கருவுக்கும் செய்தல் இயலாதா?

மறுப்போர் கூறும் காரணம் ஒன்று வலியது. உடன்பிறந்தார் இருவர் இரு வீடுகளில், ஒருவரையொருவர் அறியாமல் வளர்வர் என்பது அது. பதிவேடு ஒன்று இருந்தால் இதற்கும் தீர்வு உண்டு. இங்கிலாந்தில் கருக்கொடை அனுமதிக்கப்படுகிறது. 2005 ஏப்ரல் 1க்குப் பின் பதிவு செய்துகொண்ட கொடையாளரை, பிறந்த பிள்ளை 18 வயதில் அறிந்துகொள்ளலாம்.

நீதிமன்றத்தின் நோக்கு

2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று நம் கருத்துக்குரியது. வாடகைத் தாய் முறைக்காக, சட்டம் வருமுன்பே கருவை உறைய வைத்திருந்த தம்பதியரை, பின்னர் வந்த வயது வரம்பு கட்டுப்படுத்தாது என்பதே அது. தீர்ப்பளித்த இருவருள் நீதிபதி நாகரத்னா, முன்பு நம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பணியாற்றியவர். கரு உறைந்த அன்றே தம்பதியரின் உரிமை உயிர் பெற்றுவிட்டது என்பது இத்தீர்ப்பின் உட்பொருள். உரிமை உண்டெனில், அதைப் பிறர்க்கு ஈயும் உரிமை மட்டும் இல்லாது போவது ஏன்?

சட்டம் பயிலும் நண்பர்களும் மருத்துவம் பயிலும் நண்பர்களும் ஒன்றாக அமர்ந்து சிந்திக்க வேண்டிய பொருள் இது. நாளை வழக்கு மன்றத்திலும் மருத்துவ மனையிலும் இவ்வினாவைச் சந்திக்கப் போகிறவர்கள் நீங்களே. விலைக்குக் கதவடைத்து, ஈகைக்குக் கதவு திறக்கும் விதியை எப்படி வகுப்பது? விடை காண முயலுங்கள்.